இரத்தச் சோகை: வகைகளும் காரணங்களும்

சம்பா நடவு முடிந்த சில வாரங்களில் பயிர் வெளுத்து நின்றால், அநுபவமுள்ள குடியானவர் கைக்கு எட்டிய உரத்தை வாரி இறைத்துவிடுவதில்லை. அடியிலைகள் முதலில் மஞ்சளித்தால் தழைச்சத்துப் போதவில்லை என்று கொள்வார். குருத்திலைகள் வெளுத்தால் இரும்புச் சத்துக் குறைவை ஐயுறுவார். இலைகளில் துருப்பிடித்தாற்போன்ற புள்ளிகள் தோன்றிப் பயிர் திட்டுத் திட்டாகக் குன்றி நின்றால் துத்தநாகச் சத்துக் குறைவு என்பார். வடிகால் தூர்ந்து வேர் கறுத்து அழுகியிருந்தாலோ எவ்வுரமும் பயன்படாது; முதலில் நீரை வடித்தாக வேண்டும். வெளுப்பு என்னும் அடையாளம் ஒன்றே, காரணங்கள் பல. காரணத்திற்கு ஏற்பவே பரிகாரமும் வேறுபடும்.

மனித உடலின் வெளுப்பும் இத்தகையதே. நாட்டு வழக்கில் வெளுப்பு, சோகை, பாண்டு என்று பலவாறாகச் சொல்லப்படும் இரத்தச் சோகை தனியொரு நோயின் பெயரன்று. பல்வேறு கோளாறுகளால் விளையும் ஒரு நிலையின் பெயராகும். அதனை ஒரே நோய் எனக் கருதி, ஒரே மருந்தை எல்லோருக்கும் கொடுப்பது, வெளுத்த வயலுக்கெல்லாம் யூரியாவையே போடுவதை ஒக்கும்.

காவிரி முதலிய ஐந்து ஆறுகள் பாயும் திருவையாற்றுப் பகுதியில் நெல்லுக்குக் குறைவில்லை. ஆயினும் அந்நெல்லை விளைவிக்கும் கைகளில் பல இரத்தக் குறைவுள்ளவை. 2019-21 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் இந்தியாவில் நூற்றுக்கு 57 பேரும், தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேரும் சோகையுடையவர்கள். ஆண்களில் இந்தியா முழுமைக்கும் நூற்றுக்கு 25 பேர். நாற்றுப் பறித்தல், நடவு, களையெடுத்தல் ஆகிய வேலைகள் பெரும்பாலும் பெண்களுடையவை என்பதை நினைத்தால், இது வைத்தியசாலைக்கு மட்டும் உரிய விஷயமன்று, வேளாண்மைக்கும் உரியதே என்பது விளங்கும்.

இரத்தம் உண்டாகும் விதம்

வளர்ந்த மனிதரின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் ஓடுகின்றது. அதற்குச் செந்நிறத்தைத் தருபவை செவ்வணுக்கள். இவற்றினுள் இரும்பு கலந்த ஹீமோகுளோபின் என்னும் பொருள் உள்ளது. மூச்சில் உட்கொள்ளும் பிராணவாயுவை நுரையீரலிலிருந்து ஏற்றிச் சென்று, தசை, மூளை, இருதயம் முதலிய உறுப்புகளுக்கெல்லாம் சேர்ப்பிப்பது இதன் தொழில். ஹீமோகுளோபின் குறைந்தால் உறுப்புகளுக்குப் பிராணவாயு போதாது. இருதயம் விரைந்து துடித்து அக்குறையை ஈடுசெய்ய முயலும். நடவு வயலில் நாலு வரிசை நட்டதும் மூச்சு வாங்கி நிமிரும் பெண்ணைச் சோம்பல் உடையவள் என்று கூறுவது பெரும்பாலும் தவறு. அவள் உடல் இரு மடங்கு உழைத்தே அந்த வேலையைச் செய்கின்றது.

செவ்வணுக்கள் எலும்பு மஜ்ஜையில், நொடிக்குச் சுமார் 20 லட்சம் வீதம் உண்டாகின்றன. ஒவ்வோர் அணுவும் ஏறக்குறைய 120 நாள் வாழ்ந்து அழியும். அழிந்த அணுவின் இரும்பை உடல் வீணாக்குவதில்லை; வைக்கோலைத் திரும்ப நிலத்திற்கே எருவாக்குதல் போன்று, புதிய அணுக்களுக்கு அதனையே பயன்படுத்துகின்றது.

ஏரியின் நீர்மட்டம் மூன்று காரணங்களால் தாழும். வரத்துக் குறையலாம்; கரை உடைந்து நீர் வெளியேறலாம்; நீர் ஏரிக்குள்ளேயே வெயிலால் வற்றலாம். இரத்தத்திற்கும் இம்மூன்றே வழி. அணுக்கள் போதிய அளவு உண்டாகாமை முதலாவது. இரத்தம் உடலைவிட்டு வெளியேறுதல் இரண்டாவது. உண்டான அணுக்கள் உரிய காலத்திற்கு முன் அழிதல் மூன்றாவது. சோகையின் வகைகள் யாவும் இம்மூன்றனுள் அடங்கும்.

1. இரும்புச் சத்துக் குறைவினால் வரும் சோகை

உலகெங்கும் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. வளர்ந்த மனிதரின் உடலில் உள்ள இரும்பு 3 அல்லது 4 கிராம் தான். ஒரு சிறு ஆணியின் எடை அளவே. ஆணுக்கு நாள்தோறும் சுமார் 1 மில்லி கிராம் இரும்பு கழிகின்றது. மாதவிலக்கினால் பெண்ணுக்கு இழப்பு இதனினும் கூடுதல். கர்ப்ப காலத்திலோ, கருவுக்கும் தாயின் மிகுதி இரத்தத்திற்குமாக மொத்தம் ஏறத்தாழ 1,000 மில்லி கிராம் இரும்பு வேண்டியிருக்கின்றது. அடுத்தடுத்துப் பிள்ளை பெறும் பெண், உரமிடாமல் மூன்று போகம் எடுத்த நிலத்தை ஒப்பாள்.

வளர்ந்த பெண் நாள்தோறும் உணவில் 29 மில்லி கிராமும், ஆண் 19 மில்லி கிராமும் இரும்பு கொள்ளுதல் வேண்டும் என்று 2020 ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வகுத்தது. தீட்டிய அரிசி 100 கிராமில் சுமார் 0.65 மில்லி கிராம் இரும்பே உள்ளது. நாளொன்றுக்கு 400 கிராம் அரிசிச் சோறு உண்பவருக்கும் அரிசியின் வழியாக 3 மில்லி கிராம் கிடைப்பதில்லை. அதே எடையுள்ள கேழ்வரகில் சுமார் 4.6 மில்லி கிராமும், கம்பில் 6.4 மில்லி கிராமும் உண்டு. மூன்று வேளையும் அரிசியே உண்ணும் டெல்டாவில் வயிறு நிறைந்தும் இரத்தம் குறைவதற்குக் காரணம் இதுவாகும்.

தீட்டாத அரிசியை உண்டால் இக்குறை முற்றும் நீங்கும் என்று சிலர் கருதுகின்றனர். தவிட்டுடன் கூடிய அரிசியிலும் இரும்பு 100 கிராமில் ஏறக்குறைய 1 மில்லி கிராமே. அன்றியும் தவிட்டிலுள்ள பைட்டேட் என்னும் பொருள் இரும்பைப் பிணித்து, குடல் அதனைக் கிரகிக்க ஒட்டாமல் தடுக்கும். கைக்குத்தலரிசிக்கு வேறு பல நன்மைகள் உண்டு. சோகைக்கு அது ஒன்றே போதாது.

உண்ட இரும்பு முழுவதும் உடலில் சேர்வதில்லை. இறைச்சி, ஈரல், மீன் இவற்றிலுள்ள இரும்பு எளிதில் சேரும். தானியம், பருப்பு, கீரை இவற்றின் இரும்பில் ஒரு சிறு பங்கே சேரும். எலுமிச்சை, நெல்லி, கொய்யா இவற்றிலுள்ள வைட்டமின் சி, கூடவே உண்ணப்படின், அப்பங்கை உயர்த்தும். உணவு முடிந்த கையோடு பருகும் காப்பியும் தேநீரும் அதனைத் தாழ்த்தும். கும்பகோணத்துக் காப்பியின் சுவையை யாரும் இழக்க வேண்டுவதில்லை. உணவுக்கும் காப்பிக்கும் இடையே ஒரு மணி நேரமாவது கழிதல் நன்று.

இவ்வகைச் சோகையில் செவ்வணுக்கள் சிறுத்தும் வெளிறியும் காணப்படும். நகங்கள் குழிந்து கரண்டிபோல் ஆவதுண்டு. மண், சாம்பல், பச்சரிசி ஆகியவற்றைத் தின்னவேண்டும் என்ற வேட்கையும் தோன்றும். குதிரருகே நின்று அரிசியை வாயிலிட்டு மெல்லும் மருமகளைக் கடிந்துகொள்வதை விட அவள் இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பதே முறை.

2. கொக்கிப் புழுவினால் வரும் சோகை

இரத்தம் வெளியேறுவதால் உண்டாகும் சோகைகளில் குடியானவர்கள் முதன்மையாக அறியவேண்டியது இதுவே. கொக்கிப் புழு சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ளது, நூல் போன்றது. சிறுகுடலின் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சி வாழும். தென்னிந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் இனத்தில் ஒரு புழு நாளொன்றுக்கு உறிஞ்சுவது சுமார் 0.03 மில்லி லிட்டர் என்று கணக்கிட்டுள்ளனர். ஒரு துளியிலும் குறைவான இதனை அற்பமென எண்ணலாகாது. ஒருவர் குடலில் 100 புழுக்கள் இருப்பின், மாதம் ஒன்றுக்கு ஏறக்குறைய 90 மில்லி லிட்டர் இரத்தம் போய்விடும். மதகில் விழுந்த சிறு கசிவு எவ்வளவு நீரை வற்றடிக்கும் என்பதை நீர்க்கட்டி வேலை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

இப்புழு உடலுள் புகும் வழி வியப்பிற்குரியது. நோயாளியின் மலத்தில் வெளியேறும் முட்டைகள், ஈரமும் நிழலும் காற்றோட்டமும் உள்ள மண்ணில் பொரித்து, சில நாட்களில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப் புழுக்களாகின்றன. வெறுங்காலுடன் அம்மண்ணை மிதிப்போரின் தோலைத் துளைத்து இவை உட்புகும். 1898 ஆம் ஆண்டில் கெய்ரோ நகரில் லூஸ் என்னும் ஆராய்ச்சியாளர் இதனை முதலில் கண்டறிந்தார். தோலில் புகுந்த புழு, இரத்த ஓட்டத்தில் நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலைச் சேரும். புகுந்த இடத்தில் விரலிடுக்குகளில் தோன்றும் அரிப்பு, சேற்றுப்புண் என்று எண்ணப்பட்டுக் கவனிக்கப்படாமல் போவதுண்டு.

இதில் டெல்டாக் குடியானவர்கள் கருத்தில் வைக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நீர் தேங்கி நிற்கும் நெல்வயல் இப்புழுக்களுக்கு உகந்த இடமன்று. காற்றோட்டம் இல்லாத சேற்றில் அவை செழிப்பதில்லை. நிழல் படர்ந்து ஈரம் காயாத வண்டல் மண்ணே அவற்றிற்கு ஏற்ற இருப்பிடம். ஆற்றோரப் படுகைகள், வாழைத் தோட்டங்கள், வெற்றிலைக் கொடிக்கால்கள், மூங்கில் புதர்கள், வாய்க்கால் கரைகள் ஆகியவை அத்தகையவை. மறைவிடம் என்று கருதி மக்கள் மலங்கழிக்க ஒதுங்கும் இடங்களும் இவையே. ஆகவே, வாழைக்கும் கொடிக்காலுக்கும் தண்ணீர் கட்டுவோரும் சருகு கழிப்போரும் காலில் செருப்பின்றி வேலை செய்தலாகாது. நடவு வயலில் செருப்பு இயலாது. வயலுக்குச் செல்லும் வரப்பிலும் படுகையிலும் இயலும்.

சென்னை மாகாணத்தில் 1920களிலேயே ராக்பெல்லர் அறநிலையத்தின் உதவியுடன் கொக்கிப் புழு ஒழிப்பு வேலை தொடங்கப்பெற்றது. மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றினாலும், கழிப்பிடம் இல்லாத ஊரில் மறுபடியும் புழுத் தொற்றும் என்பதே அக்கால வேலைகள் கற்பித்த பாடம். 2015 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசியக் குடற்புழு நீக்கத் திட்டத்தின் வழியாகப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கப்பட்டுவருகின்றது. கர்ப்பிணிகள் முதல் மூன்று மாதங்களில் இதனை உட்கொள்ளலாகாது.

3. பிற இரத்தப் போக்கினால் வரும் சோகை

பிரசவத்தில் மிகுதியாக இரத்தம் போதல், மாதவிலக்கில் அளவுமீறிப் போதல், மூலம், இரைப்பைப் புண் ஆகியவை இவ்வகைக்குக் காரணம். உடல்வலிக்கு மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி நாள்தோறும் உட்கொள்ளும் பழக்கம் இரைப்பையைப் புண்ணாக்கி, வெளியில் தெரியாமல் இரத்தத்தைக் கசியச் செய்யும். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ, வயது வந்த ஆணுக்கோ இரும்புச் சத்துக் குறைந்த சோகை காணப்பட்டால், உணவைக் குறைகூறி நின்றுவிடாமல், உடலுக்குள் இரத்தம் எங்கே கசிகின்றது என்பதை வைத்தியர் ஆராய்தல் அவசியம். குடலில் தோன்றும் புற்றுநோயும் முதலில் இச்சோகையாக மட்டும் வெளிப்படுவதுண்டு.

4. போலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றின் குறைவினால் வரும் சோகை

இரும்பு போதிய அளவு இருந்தும் செவ்வணுக்கள் முதிராமல், அளவிற் பெருத்து, எண்ணிக்கையிற் குறைந்து காணப்படும் சோகை ஒன்று உண்டு. இதன் காரணம் வெளியான வரலாற்றில் இந்நாட்டுக்குப் பெரும் பங்கு இருக்கின்றது.

1928 ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்து, நெசவாலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளைக் கொன்றுவந்த கடுஞ்சோகையை ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் அவ்வாராய்ச்சி தொடர்ந்தது. காய்கறியும் பழமும் அரிதாக உண்ட அப்பெண்களுக்கு, மலிவான ஈஸ்ட்டுச் சாறாகிய மார்மைட்டைக் கொடுத்த சில நாட்களில் இரத்தம் ஊறத் தொடங்கிற்று. 1931 ஆம் ஆண்டில் இதனை அவர் வெளியிட்டார். அச்சாற்றில் அடங்கிய பொருள் 1941 ஆம் ஆண்டில் பசலை இனக் கீரையிலிருந்து பிரிக்கப்பட்டது. இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று அதற்குப் போலிக் அமிலம் என்று பெயரிட்டனர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் இயங்கிய குழுவினர் 1945 ஆம் ஆண்டில் அதனை ஆய்வுக்கூடத்திலேயே செய்து முடித்தனர். இன்று ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் வழங்கப்படும் மாத்திரையில் அதுவே அடங்கியுள்ளது.

கீரைகளிலும் உளுந்து, பாசிப்பயறு முதலியவற்றிலும் போலிக் அமிலம் உண்டு. நெடுநேரம் கொதிக்கவைத்து, வெந்த நீரை வடித்து ஊற்றிவிட்டால் அது வீணாகும். கீரையைக் குறைந்த நீரில் மூடி வேகவைத்து, அந்நீருடன் மசித்து உண்பதே தக்கது.

வைட்டமின் பி12 மரக்கறிகளில் இல்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலேயே உண்டு. புலால் உண்ணாதவர்களில் பாலும் தயிரும் போதிய அளவு கொள்ளாதவர்களுக்கு இக்குறை நேரும். ஈரலில் சில ஆண்டுகளுக்கு வேண்டிய இருப்பு உள்ளமையால் குறை மெதுவாகவே வெளிப்படும். இரைப்பையில் சுரக்கும் ஒரு பொருளின் துணையின்றி இச்சத்து உடலில் சேராது. அச்சுரப்பு நின்றவர்கள் எவ்வளவு உண்டும் பயனில்லை. முற்காலத்தில் மரணத்திலேயே முடிந்த இக்கொடிய சோகையை ஈரலை உணவாகக் கொடுத்து ஆற்றலாம் என்று 1926 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மைனாட், மர்பி ஆகியோர் காட்டினர். 1948 ஆம் ஆண்டில் பி12 பிரித்தெடுக்கப்பட்டது.

நாக்குச் சிவந்து புண்ணாதல், பாதங்கள் மரத்துப்போதல், நடை தள்ளாடுதல் ஆகியவை பி12 குறைவின் அடையாளங்கள். இந்நிலையில் போலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் இரத்தம் தேறும். நரம்புகள் தொடர்ந்து கெடும். ஒரு சத்தின் குறையை இன்னொன்றால் மூடுவதன் தீங்கிற்கு இது தக்க உதாரணம்.

5. அணுக்கள் அழிவதால் வரும் சோகை

மலேரியாக் கிருமி செவ்வணுக்களுக்குள் புகுந்து பெருகி, அவற்றை வெடிக்கச் செய்கின்றது. தஞ்சை ஜில்லாவில் இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1934 ஆம் ஆண்டில் மேட்டூர் அணை முடிவுற்று, கல்லணைக் கால்வாயின் வழியாகப் பட்டுக்கோட்டைப் பகுதியின் மேட்டு நிலங்களுக்குப் புதிதாகப் பாசனம் கிடைத்தது. தண்ணீருடன் மலேரியாவும் பரவிற்று. ராக்பெல்லர் அறநிலையத்தைச் சார்ந்த பால் ரஸ்ஸல் என்பவரும் அவரோடு உழைத்த இந்திய ஆராய்ச்சியாளர்களும் அப்பகுதியிலேயே தங்கிக் கொசுக்களை ஆராய்ந்தனர். வடிகாலைப் புறக்கணித்த பாசனம் நோயைப் பாய்ச்சும் என்பதற்கு அது சான்று. இந்நாளில் டெல்டாவில் மலேரியா வெகுவாகக் குறைந்துவிட்டது. எனினும் வெளியூர் வேலைக்குச் சென்று திரும்புவோர் காய்ச்சலுடன் வந்தால் இரத்தப் பரிசோதனை செய்தல் நலம்.

6. பிறவியிலேயே வரும் சோகை

ஹீமோகுளோபின் அமைப்பிலேயே குறையுடன் சிலர் பிறக்கின்றனர். அரிவாள் போல் வளைந்த செவ்வணுக்களையுடைய சோகை 1910 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முதலில் விவரிக்கப்பட்டது. இந்தியாவில் 1952 ஆம் ஆண்டில் நீலகிரிப் பழங்குடியினரிடம் அவ்வணுக்கள் கண்டறியப்பட்டன. தலசீமியா என்பது இவ்வினத்தைச் சார்ந்த மற்றொன்று. இதன் கடுமையான வகையுடன் பிறந்த குழந்தைகளுக்கு மாதந்தோறும் இரத்தம் ஏற்றவேண்டி வரும்.

தாய், தந்தை இருவரும் இக்குறையின் ஒரு கூற்றை மட்டும் உடையவராயின், அவர்கள் பார்வைக்கு நலமாகவே இருப்பர். அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வர ஏதுவுண்டு. அத்தை மகள், மாமன் மகன், அக்காள் மகள் என்று நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் குடும்பங்களில் இரு கூறுகளும் ஒன்று சேரும் வாய்ப்பு அதிகம். குடும்பத்தில் எவருக்கேனும் பிறவிச் சோகை இருப்பின், மணத்திற்கு முன் இருவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுதல் அறிவுடைமை. தலசீமியா உடையவருக்கு இரும்பு மாத்திரையால் பயனில்லை. மிகுந்த இரும்பு இருதயத்திலும் ஈரலிலும் தங்கித் தீங்கு செய்யும்.

7. நாட்பட்ட நோய்களாலும் மஜ்ஜைக் கெடுதலாலும் வரும் சோகை

காசநோய், மூட்டு வாதம் முதலிய நாட்பட்ட நோய்களில், உடலில் இரும்பு இருந்தும் அது அணுக்களை உண்டாக்கப் பயன்படாமல் அடைபட்டுக் கிடக்கும். குதிர் நிறைய நெல்லிருந்தும் சாவி தொலைந்த வீட்டின் நிலை இது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு, மஜ்ஜையைத் தூண்டும் சுரப்பு குறைவதால் சோகை உண்டாகும். இவற்றில் மூல நோய்க்கே சிகிச்சை வேண்டும். சில மருந்துகளாலும், பென்சீன் போன்ற இரசாயனங்களாலும் மஜ்ஜையே செயலற்றுப்போவதும் அரிதாக நேர்வதுண்டு.

கால்நடைகளின் சோகை

வீட்டில் நிகழ்வது கொட்டிலிலும் நிகழ்கின்றது. வெள்ளாடு, செம்மறிகளின் வயிற்றில் வாழும் முறுக்குப் புழு இரத்தத்தை உறிஞ்ச, ஆடு மெலிந்து, கண்ணிமையின் உட்புறம் வெளுத்து, தாடையின் கீழ் நீர் கோத்து வீங்கும். வாய்க்கால் நத்தைகளின் வழியாகப் பரவும் ஈரல் தட்டைப்புழு மாடுகளுக்கு இவ்வாறே கேடு செய்யும். உண்ணிகளால் பரவும் கிருமிகள் கலப்பினப் பசுக்களின் செவ்வணுக்களை அழிக்கும். இங்கும் வெளுப்பு ஒன்றே. புழுவா, தட்டைப்புழுவா, உண்ணியா என்று கால்நடை மருத்துவர் கண்டு சொன்ன பின்னரே மருந்து கொடுத்தல் வேண்டும்.

சோகையை அறியும் வழி

கீழ் இமையின் உட்புறம், நாக்கு, உள்ளங்கை ஆகியவை வெளுத்தல்; எளிதில் களைத்தல்; மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதல்; தலை கிறுகிறுத்தல்; கால் வீங்குதல் என்பன பொதுவான குறிகள். இவை தோன்றும்போது சோகை பெரும்பாலும் முற்றியிருக்கும். ஆகையால் இரத்தத்தை அளந்து பார்ப்பதே நம்பத்தக்கது. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் ஆணுக்கு 13 கிராமும், பெண்ணுக்கு 12 கிராமும், கர்ப்பிணிக்கு ஏறத்தாழ 11 கிராமும் ஹீமோகுளோபின் இருத்தல் வேண்டும். கர்ப்பிணிக்கு 7 கிராமுக்குக் கீழே போவது பேராபத்து. பிரசவத்தில் போகும் சிறிதளவு இரத்தமும் அவள் உயிரைக் கொள்ளக்கூடும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இப்பரிசோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகின்றது.

செய்யத்தக்கவை

(1) சம்பா அறுவடைக்குப் பின் தரிசில் விதைக்கும் உளுந்து, பயறு முழுவதையும் சந்தைக்கு அனுப்பிவிடாமல், வீட்டுச் செலவுக்கும் வேலையாட்களின் கூலிக்குமாக ஒரு பங்கு நிறுத்திக்கொள்ளுதல்.

(2) கொல்லையில் முருங்கை, அரைக்கீரை, எலுமிச்சை, கொய்யா ஆகியவற்றை வளர்த்தல். வாரத்தில் சில வேளை கேழ்வரகு அல்லது கம்பு உண்ணுதல்.

(3) வீடுதோறும் கழிப்பிடம் அமைத்து, எல்லோரும் அதனைப் பயன்படுத்துதல். இரட்டைக் குழிக் கழிப்பிடத்தில் நிறைந்த குழியை மூடி, ஓராண்டுக்கு மேல் மக்கவிட்ட பின்னரே எருவாக எடுத்தல். படுகைகளிலும் கொடிக்கால்களிலும் வேலை செய்வோருக்கு நிலத்துக்குரியவர் செருப்பு வாங்கித் தருதல். அதற்கு ஆகும் செலவு ஒரு வாழைத்தாரின் விலைக்கு மேற்படாது.

(4) பெண்களுக்கு 18 வயதுக்கு முன் மணம் முடிக்காதிருத்தல். பிள்ளைப்பேறுகளுக்கு இடையே போதிய காலம் விடுதல்.

(5) கர்ப்ப காலத்தில் 180 நாளும், பிரசவத்திற்குப் பின் 180 நாளும் இரும்பு, போலிக் அமில மாத்திரையை நாள்தோறும் உட்கொள்ளுதல். மாத்திரையைக் காப்பியுடன் விழுங்கலாகாது. எலுமிச்சைச் சாறு நன்று. மலம் கறுத்துப்போவது கண்டு அஞ்சி நிறுத்தவேண்டுவதில்லை. அது மாத்திரையின் இயல்பு.

(6) மாத்திரை உட்கொண்டும் ஒரு மாதத்தில் இரத்தம் தேறாவிடில், மேலே கூறிய பிற வகைகளில் ஒன்றாக இருக்கலாம் என்று கருதி, பெரிய ஆஸ்பத்திரியில் மேற்பரிசோதனை செய்வித்தல்.

கிராம அதிகாரிகள் இதில் செய்யக்கூடியது மிகுதி. 2021 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டு, நியாயவிலைக் கடைகளில் இரும்பும் போலிக் அமிலமும் பி12 உம் சேர்த்த செறிவூட்டிய அரிசி வழங்கப்பட்டபோது, அதிலிருந்த சில மணிகளைக் கண்டு பிளாஸ்டிக் அரிசி என்று பல ஊர்களில் மக்கள் பொறுக்கி எறிந்தனர். அம்மணிகள் அரிசி மாவுடன் சத்துக்களைக் கலந்து செய்யப்பட்டவை. நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்காகக் கலக்கப்பட்டவை. விளக்கிச் சொல்ல ஒருவர் இருந்த ஊரில் அவ்வச்சம் நீங்கிற்று. இல்லாத ஊரில் சத்து குப்பைக்குப் போயிற்று.

இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நடத்தி 1979 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், இரும்புச் சத்து கொடுக்கப்பட்ட பெண்கள் ஒரு மாதத்திற்குப் பின் முன்னினும் அதிகமாகக் கொழுந்து பறித்தனர் என்றும், சோகை மிகுந்திருந்தவர்களிடமே முன்னேற்றம் மிகுதி என்றும் கண்டனர். வேலையாளின் இரத்தம் பெருகுவதால் நிலத்துக்குரியவருக்கும் ஊதியமுண்டு என்பதற்கு இது போதிய சான்று. ஆனால் இதனை ஊதியம் கருதி மட்டும் செய்யவேண்டுவதில்லை. நடவுப்பாட்டுடன் வயலில் இறங்கிய பெண் பிரசவத்தில் மாண்டு போவது, நெல் விளையும் நாட்டுக்குப் பெருமை தருவதன்று.

இரும்பு மாத்திரையால் இரத்தம் தேறுவதற்குச் சில வாரங்களும், உடலில் இருப்பு நிறைவதற்கு மேலும் சுமார் மூன்று மாதமும் வேண்டும். ஆகவே ஐப்பசி நடவுக்கு ஆடியிலேயே ஆயத்தம் செய்யவேண்டும். ஆடிப்பெருக்கிற்குப் புதுநீர் வரும் நாட்களில் விதைநெல்லைச் சோதித்து, மண்ணைச் சோதித்து, வாய்க்காலைத் தூர்வாரும் குடியானவர்கள், அவ்வாரத்திலேயே தம் வீட்டாரையும் தம் நிலத்தில் இறங்கும் வேலையாட்களையும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்பி இரத்தத்தைச் சோதிப்பித்தல் வேண்டும்.